பிக்கப் வண்டியில் போன நடைப்பயிற்சி

எனக்கு மாரடைப்பு வந்த கதையை யார் கேட்டாலும் சொல்லுவேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வந்த ஏழு மாதங்களைப் பற்றித்தான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் காது மடல் சூடாகிவிடும், பேச்சை மாற்றிவிடுவேன்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை எனக்கு. காலையில் ஆட்களின் வருகையைப் பதிந்து, யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பி, மாலையில் அன்றைய வேலையை எழுதி வைப்பது. முன்பெல்லாம் ரைட்டர் என்றால் தோட்டம் முழுக்கக் காலால் அளக்க வேண்டும். நான் பைக் வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. வண்டி போகாத இடத்தில் எனக்கு வேலை இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கைதட்டிக் கூப்பிட்டால் மேஸ்திரி வந்து சொல்லிவிட்டுப் போவார். வயிறு மட்டும் வருடா வருடம் முன்னேறிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் காப்பிப் பழம் அரைக்கும் கொட்டகையில் நின்றிருந்தபோது தாடை வலித்தது, சட்டை நனைகிற அளவு வேர்த்தது. வாயு என்று சோடா வாங்கிக் குடித்தேன். மேனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே ஜீப்பில் ஏற்றினார். மலைப்பாதையின் இருபது வளைவையும் எப்படி இறங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து, ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்று ஒரு சின்ன வலைச் சுருளை வைத்தார்கள். பிழைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்னையும் என் மனைவியையும் உட்கார வைத்துப் பேசினார்.

"என்ன வேலைங்க பார்க்கறீங்க?"

"எஸ்டேட் ரைட்டருங்க."

"அப்ப மலை ஏறி இறங்கற வேலை. நல்லதாப் போச்சு" என்று அவர் எழுதிக்கொண்டார். பைக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இப்போது யோசித்தால் முதல் பொய் அங்கேதான் ஆரம்பித்தது. பேசாமல் இருந்தே ஒரு பொய்யைச் சொல்லிவிட முடிகிறது.

டாக்டர் பொறுமைசாலி. நெஞ்சும் ஒரு தசைதான், வேலை கொடுக்கக் கொடுக்கத்தான் பலப்படும் என்றார். தினமும் நடக்கிறவனுடைய இதயம் ஒரு துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளும், அதனால் அடிக்கடி துடித்துக் களைக்க வேண்டியதில்லை. ரத்தக் குழாய்கள் விறைக்காமல் இருக்கும். பிரஷரும் சர்க்கரையும் அடங்கி வரும். முதலில் சமதரையில் பத்து நிமிடம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நாற்பது நிமிடம். நெஞ்சு வலித்தால் அப்படியே நின்றுவிட வேண்டும்.

"மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிய உங்க கால்தான் செய்யணும்."

என் மனைவி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் கிறிஸ்தவ சபையில் கொடுத்த மாதக் காலண்டரைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி, நான் நடந்துவிட்டு வரும் ஒவ்வொரு நாளும் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட ஆரம்பித்தாள். எண்ணெயைக் குறைத்தாள், உப்பைக் குறைத்தாள், தேங்காயை அடியோடு நிறுத்தினாள். எனக்குத் தனியாக, தனக்குத் தனியாக என்று சமைக்கவில்லை. உப்பில்லாததை அவளும் சேர்ந்தே சாப்பிட்டாள்.

முதல் வாரம் உண்மையாகவே நடந்தேன். இதை எங்கே கேட்டாலும் அடித்துச் சொல்லுவேன். எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

எங்கள் மலையில் நடப்பதற்காக நடப்பவர்கள் சுற்றுலா வந்தவர்கள்தான். மற்றவர்கள் வேலைக்குப் போக நடப்பார்கள், பஸ் தவறினால் நடப்பார்கள். தெரிந்த ஆள் ரோட்டில் நடந்து போவதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போவது இங்கே மரியாதை இல்லை. பால் வண்டி, ஜீப், பைக், எதுவானாலும் நிற்கும். "ஏனுங்க, வண்டி என்னாச்சுங்க?" என்று கேட்பார்கள். நெஞ்சுக்காக நடக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே முகத்தில் ஒரு இரக்கம் வரும். ரைட்டர் இனி அவ்வளவுதான் என்று பேச்சு கிளம்பும், எஸ்டேட்டில் என் இடத்துக்குச் சின்ன வயசு ஆளைத் தேடத் தொடங்குவார்கள். அதனால் "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்றேன். வண்டி சர்வீஸில் இருக்கிறவன் லிஃப்ட் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏற வேண்டியதாயிற்று.

கரடியூருக்குக் காய்கறி ஏற்றப் போகும் பிக்கப் ஒன்று தினமும் காலை ஆறு மணிக்கு அந்த வழியாக வரும். அதன் டிரைவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். முதல் தடவை தூறலுக்காக ஏறினேன். இரண்டாம் தடவை பனிக்காக. அப்புறம் காரணம் தேவைப்படவில்லை. நான் ஏறுவேன் என்று தெரிந்து முன் சீட்டில் இருக்கும் கயிறையும் சாக்கையும் எடுத்துப் பின்னால் போட்டு வைத்திருப்பார். வழியில் இருக்கும் டீக்கடையில் இறக்கி விடுவார். பெஞ்சில் உட்கார்ந்து டீயும், சில நாள் ஒரு போண்டாவும் சாப்பிட்டு முடிப்பதற்குள் லோடு ஏற்றிக்கொண்டு அவர் திரும்பிவிடுவார். சரியாக நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் ஆகும்.

வீட்டுக்கு ஒரு வளைவு முன்னால் இறங்கிக்கொள்வேன். அங்கே ஒரு குழாய் உண்டு. காலரையும் நெற்றியையும் நனைத்துக்கொண்டு, கையை வீசி வேகமாக நடந்து வாசலுக்கு வருவேன். மனைவி துண்டோடு நிற்பாள்.

"நல்லா வேர்த்திருக்குதுங்க. கொஞ்ச நேரம் உட்காருங்க, அப்புறம் தண்ணி குடிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கழுத்தைத் துடைத்துவிடுவாள். அந்தத் துண்டு கழுத்தில் பட்ட இடம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அன்றைக்கு அவ்வளவு கூசவில்லை, அதுதான் உண்மை. உள்ளே போய் உப்பில்லாத உப்புமாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். அவள் அதே உப்புமாவை முகம் சுளிக்காமல் தின்றுகொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் நான் ஆள் வருகையில் கறாரானவன் என்று பெயர் எடுத்தவன். குப்பனூர் ரோட்டுப் பக்கமிருந்து நடந்தே வேலைக்கு வரும் ஒரு அம்மாவுக்கு முழங்கால் வலி. கால் மணி நேரம் தாமதமாக வந்ததற்கு அரை நாள்தான் எழுதினேன். டீக்கடையிலிருந்து பிக்கப்பில் திரும்பிய அதே காலையில் எழுதினேன்.

மூன்று மாதம் ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி நேரம் வந்தது. ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது எங்கள் வழக்கம். என் மனைவி கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. அன்று பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"என் ஊட்டுக்காரருக்கு ஆண்டவர் மறு ஜீவன் கொடுத்தாருங்க. அது மட்டுமில்லீங்க, டாக்டர் சொன்னபடி தினமும் நடக்கறதுக்கு நொம்பப் பலத்தையும் கொடுத்திருக்காரு. மழையானாலும் பனியானாலும் ஒரு நாள்கூட அவுங்க தப்ப விடலைங்க. நானே கண்ணால பார்த்துச் சொல்றேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த பிக்கப் டிரைவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட்ட பார்வை. நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எந்தப் பக்கமோ படித்தேன்.

மறுநாள் காலை வண்டி நின்றது, ஆனால் அவர் கதவைத் திறக்கவில்லை.

"ரைட்டர் சார், அக்கா நேத்து அப்படிச் சொன்னாங்களே. நீங்க டாக்டர் சொல்லித்தான் இந்த நேரத்துக்கு நடக்க வாரீங்களா? எனக்குத் தெரியாதுங்களே."

"சாயங்காலம் தோட்டத்துல நடந்துக்கறேன்" என்றேன். பொய் சொல்லுவதில் அந்நேரம் எனக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்கு மறுநாள் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, ஹாரன் மட்டும் அடித்துவிட்டு நிற்காமல் மெதுவாகக் கடந்து போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை நீட்டி வண்டியை நிறுத்தினேன். அவர் என்ன செய்வார், பிரேக் போட்டார். அன்றிலிருந்து கயிறும் சாக்கும் முன் சீட்டிலேயே கிடந்தன. நானே எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. ஆனால் இப்போது சொன்னால், ஆண்டவர் சன்னிதியில் அவள் பொய் சொன்னதாக ஆகிவிடுமே என்று ஒரு சாக்குக் கிடைத்தது. அவளைக் காப்பாற்றத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எவ்வளவு கூச்சம் கெட்டுப் போயிருக்க வேண்டும்!

ஏழாவது மாதம் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடும் பட்டையின் மேல் நடக்க வைத்தார்கள். முதல் மூன்று நிமிடம் எப்படியோ போயிற்று. பட்டையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வேகத்தைக் கூட்டியதும் மூச்சு வாங்கியது, தொடை நடுங்கியது, கைப்பிடியில் தொங்கினேன். நான்காம் நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

"படத்துல கொஞ்சம் சந்தேகமா இருக்கு. நடக்கறீங்கதானே?"

நான் தலையாட்டுவதற்குள் என் மனைவி பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய காலண்டர் தாள்களை எடுத்து மேஜை மேல் விரித்தாள். ஏழு மாதமும் சிவப்பாக இருந்தது.

"ஒரு நாளுந் தப்பலைங்க சார். நாப்பது நிமிஷத்துக்குக் கொறையாது."

டாக்டரின் முகம் மாறியது. "தினம் நாப்பது நிமிஷம் மலை ரோட்டுல நடக்கறவரு நாலு நிமிஷத்துல இப்படி நிக்கக் கூடாதுங்களே. உடம்பு பழகலைன்னு சொல்லவும் வழியில்ல. அப்ப, வெச்ச ஸ்டென்ட்ல மறுபடி அடைப்பு வந்திருக்கலாம். திரும்ப ஒரு ஆஞ்சியோ பார்த்துடறது நல்லது."

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என் சமையல்லதான் தப்புங்க சார். அவுங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. போன மாசம் அவுங்க பொறந்த நாளுக்குன்னு ஒரே ஒரு நாள் தேங்கா அரைச்சு ஊத்திட்டேனுங்க. வேண்டாம் வேண்டாம்னுதான் நெனைச்சேன். எண்ணெயும் சில நாள் கை தவறி விழுந்திருக்கும். நாந்தாங்க கெடுத்துட்டேன்."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாக்கியம் போதும். 'சார், நான் நடக்கலை, பிக்கப்பில போனேன்.' நாக்கு வரை வந்தது. டாக்டர், கம்பவுண்டர், வெளியே கதவருகே நிற்கும் இரண்டு நோயாளிகள், சிவப்பு டிக் போட்ட தாள்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். டாக்டரே அவளைச் சமாதானப்படுத்தினார். ஒரு நாள் தேங்காயில் அடைப்பு வந்துவிடாதும்மா என்றார். அவள் நம்பவில்லை.

மறுநாள் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். உயிருக்கு ஆபத்து வரலாம் என்று அந்தத் தாளில் அச்சடித்திருந்தது. அதைப் படித்துவிட்டும் போட்டேன். மணிக்கட்டில் ஊசி குத்தி, ரத்தக் குழாய் வழியாக நெஞ்சு வரைக்கும் ஒரு மெல்லிய குழாயை ஏற்றினார்கள். மேஜையில் படுத்திருந்தபோது கூடச் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லுவதைவிட இது சுலபம் என்று படுத்திருந்தேன். அவ்வளவு பெரிய கோழை நான் என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

அடைப்பு எதுவும் இல்லை. வைத்த ஸ்டென்ட் நன்றாகத் திறந்திருக்கிறது என்று டாக்டர் வெளியே போய் அவளிடம் சொன்னார். அவள் வார்டுக்குள் வந்தபோது அழுத முகமும் சிரித்த முகமும் ஒன்றாக இருந்தது. தங்கைக்குப் போன் போட்டு, "ஒண்ணும் இல்லையாமா, சுத்தமா இருக்குதாமா" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். இறுக்கமான பட்டை கட்டிய கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"இங்க பாரு, இத்தனை மாசமும் நான் நடக்கலை. டீக்கடை வரைக்கும் பிக்கப்புல போய்ட்டு, அதே வண்டில திரும்பி வந்தேன்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எல்லா நாளுமா?"

"மொத வாரம் நடந்தேன்."

"மழை பெஞ்ச அன்னைக்கெல்லாம்?"

"டீக்கடையில உட்கார்ந்திருந்தேன்."

மறுபடி உரித்துக்கொண்டே அவள் கேட்டாள். "நேத்து டாக்டர் ரூமுல நான் தேங்காயச் சொல்லி அழுதேனுங்களே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

மிச்சத் தோலையும் உரித்து, சுளைகளைத் தட்டில் வைத்து, என் நல்ல கைக்கு எட்டுகிற தூரத்தில் தள்ளிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டரிடமும் மறுநாள் நானே சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நெஞ்சுல ஒண்ணும் இல்லீங்க. வேலையே செய்யாம கிடந்த நெஞ்சு, அவ்வளவுதான். இனியாச்சும் நடங்க" என்றார்.

நடந்தேன். முதல் நாள் முதல் வளைவிலேயே மூச்சு முட்டி மைல்கல் மேல் உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் டீக்கடையைத் தாண்டினேன். இரண்டு மாதத்தில், ஏற்றத்தில் நடந்துகொண்டே பேச முடிந்தது. காலையில் எழுந்ததும் நாடியைப் பிடித்துப் பார்த்தால் முன்பு மாதிரி ஓட்டம் இல்லை, நிதானமாகத் துடிக்கிறது. பிரஷர் மாத்திரையில் ஒன்றை டாக்டர் குறைத்தார். யாராவது வண்டியை நிறுத்தினால், "நெஞ்சுக்கு நடக்கச் சொல்லியிருக்காங்க, நீங்க போங்க" என்கிறேன். "அப்படீங்களா, நடங்க நடங்க" என்று போய்விடுகிறார்கள். அவ்வளவுதான். ஏழு மாதம் நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். ரைட்டர் வேலையும் போகவில்லை.

காலண்டர் அதே கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. டிக் இல்லை. அவள் சண்டை போடவில்லை, என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள், சமையலில் இப்போதும் உப்புக் குறைவுதான். சாட்சி நேரத்தில் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்துவதில்லை. இன்றைக்குக் கரடியூர் பிரிவு ரோடு வரைக்கும் போனேன் என்று நான் வந்து சொன்னால், "சரிங்க" என்பாள். ஒருநாள் தாங்காமல், "வேணும்னா டீக்கடையில விசாரிச்சுப் பாரேன்" என்றேன்.

"கட்டினவனைப் பத்தி ஊர்ல விசாரிக்கற மாதிரி என்னை ஆக்காதீங்க" என்றாள். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சென்ற மாதம் மறுபடி பரிசோதனை. அதே பட்டையில் ஒன்பது நிமிடம் நடந்தேன். டாக்டருக்கு நல்ல சந்தோஷம். காகிதத்தை மடித்துக் கொடுத்துக்கொண்டே, பழக்கத்தில், என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்னங்கம்மா, இப்ப தினமும் நடக்கறாரா?"

அவள் பைக்குள் காகிதத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவுங்களையே கேட்டுக்குங்க சார். எனக்குத் தெரியாதுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "தினமும் நடக்கறேன் சார்" என்றேன். பொய் சொன்ன ஏழு மாதத்தில் ஒரு நாளும் தடுமாறாத என் குரல் அப்போது தடுமாறியது.